எலெக்ட்ரான் கொடுத்தது யார்?

மருந்துக் கடையில் ஐம்பது, அறுபது ரூபாய்க்கு விற்கும் கர்ப்பப் பரிசோதனைப் பட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். சில துளி சிறுநீர் விட்டால், ஐந்து நிமிடத்துக்குள் செந்நிறத்தில் ஒரு கோடோ இரண்டு கோடோ தெரியும். ஏதோ சாயம் ஊறி வருகிறது என்றுதான் நினைப்போம். பெரும்பாலான பட்டைகளில் அது சாயமே இல்லை, தங்கம். கொரோனாக் காலத்தில் மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டு வீட்டிலேயே சோதித்துக்கொண்டோமே, அந்தப் பட்டைகளிலும் பெரும்பாலும் கோடு போட்டது தங்கம்தான். சவரன் விற்கிற விலையில் இது எப்படிக் கட்டுப்படியாகிறது என்றால், இருப்பது அவ்வளவு கொஞ்சம். தங்கம் ஏன் சிவப்பாகத் தெரிகிறது என்பதுதான் சுவையான கேள்வி.

ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்கு போட்டால் ஒரு பங்குக்குப் பெயர் நானோமீட்டர். நம் தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 80,000 நானோமீட்டர். பட்டையில் இருக்கும் தங்கத் துகளின் குறுக்களவு பொதுவாக 20 முதல் 40 நானோமீட்டர். 20 நானோமீட்டர் உருண்டை ஒன்றில் சுமார் இரண்டரை லட்சம் தங்க அணுக்கள் இருக்கும். உலோகத்தின் வெளி எலெக்ட்ரான்கள் எந்த அணுவுக்கும் சொந்தமில்லாமல் உள்ளே திரிபவை. துகள் ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறியதாகிவிட்டால், ஒளியலையின் மின்புலம் அந்த எலெக்ட்ரான்கள் எல்லாவற்றையும் ஒருசேர இப்புறமும் அப்புறமும் அசைக்கிறது. அசைவும் அலையும் ஒரே வேகத்தில் பொருந்தும் இடத்தில் ஒளி பெருமளவு உறிஞ்சப்படும். தங்கத்துக்கு அந்த இடம் சுமார் 520 நானோமீட்டர், அதாவது பச்சை. பச்சை போக மிஞ்சியது கண்ணுக்குச் சிவப்பு. வெள்ளிக்கு அது 400 சொச்சம். ஊதாவும் நீலமும் போய்விடுவதால் வெள்ளித் துகள் கலந்த நீர் மஞ்சளாக, அடர்ந்தால் பழுப்பாகத் தெரியும். துகள்கள் பெருத்தாலோ ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டாலோ நிறம் நகர்ந்துவிடும். சிவப்புத் தங்கநீர் நீலமாகும். இதற்குப் பரப்புப் பிளாஸ்மான் ஒத்ததிர்வு என்று பெயர்.

இந்தச் சிவப்பை முதன்முதலில் முறையாக ஆராய்ந்தவர் மைக்கேல் ஃபாரடே. 1857இல் லண்டன் ராயல் சொசைட்டியில் அவர் ஆற்றிய உரையின் பொருளே தங்கத்துக்கும் ஒளிக்கும் உள்ள உறவுதான். தங்க உப்புக் கரைசலில் பாஸ்பரஸைச் சேர்த்து மாணிக்கச் சிவப்பு நீரைத் தயாரித்தார். பார்வைக்குத் தெளிவான கரைசல். ஆனால் ஓர் ஒளிக்கற்றையைப் பாய்ச்சியபோது கற்றையின் பாதை உள்ளே பளிச்சென்று தெரிந்தது. கரைந்துபோன பொருள் அப்படி ஒளியைச் சிதறடிக்காது. ஆகவே உள்ளே இருப்பது மிக நுண்ணிய தங்கத் துகள்களே என்று முடிவு கட்டினார். எலெக்ட்ரானையே யாரும் அறியாத, எலெக்ட்ரான் நுண்ணோக்கியும் இல்லாத காலம் அது. அவர் தயாரித்த நீர் சில குப்பிகளில் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் இன்றும் இருக்கிறது.

பாஸ்பரஸ் செய்த வேலை என்ன? தங்க உப்பைத் தண்ணீரில் கரைத்தால் தங்கம் அயனியாக இருக்கும். இங்கே அயனி என்பது எலெக்ட்ரானை இழந்து நிற்கும் அணு. தங்க அயனிக்கு மூன்று எலெக்ட்ரான் குறை, வெள்ளி அயனிக்கு ஒன்று. யாராவது அந்த எலெக்ட்ரானைக் கொடுத்தால் அயனி மறுபடி உலோக அணுவாகும். இதைத்தான் பள்ளிப் பாடத்தில் ஒடுக்கம் என்று படித்தோம். வாக்குச்சாவடியில் விரலில் வைக்கும் மையில் இருப்பது வெள்ளி நைட்ரேட். வைத்த கொஞ்ச நேரத்தில் கருத்துவிடுவதற்குக் காரணம், தோலின் உப்போடு சேர்ந்த வெள்ளி அயனிகள் வெளிச்சம் பட்டு உலோக வெள்ளியாக மாறுவதுதான். நகம் வளர்ந்து வெளியேறும் வரை அது போகாது.

ஆக, நானோ துகள் தயாரிப்பது என்பது அயனிக்கு எலெக்ட்ரான் கொடுப்பது. ஆனால் கொடுத்தால் மட்டும் போதாது, எந்த வேகத்தில் கொடுக்கிறோம் என்பது அளவைத் தீர்மானிக்கும். கற்கண்டு காய்ச்சுகிறவர்களுக்கு இது புதிதல்ல. பாகைக் கிளறிக்கொண்டே இருந்தால் ஒரே நேரத்தில் எண்ணற்ற இடங்களில் படிகம் பிடித்துச் சர்க்கரை பொடியாக உதிரும். அதே பாகில் நூலைத் தொங்கவிட்டு அசைக்காமல் வைத்தால், சில இடங்களில் மட்டும் பிடித்து நாள்பட வளர்ந்து கட்டி கட்டியாக நிற்கும். உலோகத்திலும் இப்படித்தான். எலெக்ட்ரான் ஒரே மூச்சில் கிடைத்தால் நிறையக் கருக்கள் தோன்றி, இருக்கிற உலோகத்தைப் பங்கு போட்டுக்கொண்டு எல்லாமே சின்னதாக நின்றுவிடும். மெல்ல மெல்லக் கிடைத்தால் கரு குறைவு, துகள் பெரிது. இதோடு மூன்றாவது ஒன்றும் உண்டு. ஏதாவது மூலக்கூறு துகளின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டால் வளர்ச்சி அங்கேயே தடைபடும். வேதியியலார் இதை மூடுபொருள் என்பார்கள். 1951இல் ஜான் டர்கெவிச் பிரபலமாக்கிய முறையில் கொதிக்கும் தங்கக் கரைசலில் சிட்ரேட் உப்பைச் சேர்ப்பார்கள். எலுமிச்சையின் புளிப்பிலிருந்து வரும் அந்தச் சிட்ரேட்டே எலெக்ட்ரானும் கொடுக்கிறது, துகளையும் மூடுகிறது. சிட்ரேட்டின் விகிதத்தை மாற்றினால் துகளின் அளவு மாறும் என்று 1973இல் ஃப்ரென்ஸ் காட்டினார்.

இந்த வேலையை நுண்ணுயிர்களும் செய்கின்றன. அவற்றுக்கு இது கலையல்ல, உயிர்ப் பிரச்சினை. வெள்ளி அயனி நுண்ணுயிருக்கு நஞ்சு. அதைக் கரையாத உலோகமாக்கி ஒதுக்கினால் பிழைக்கலாம். 1999இல் சுவீடனிலிருந்து வந்த ஆய்வு ஒன்று இதை எல்லோரும் நம்பும்படி படம் பிடித்தது. வெள்ளிச் சுரங்கத்திலிருந்து பிரித்தெடுத்த சூடோமோனாஸ் ஸ்டட்சரி என்ற பாக்டீரியாவை வெள்ளி நைட்ரேட்டில் வளர்த்தபோது, செல்லின் இரு முனைகளிலும் முக்கோணமும் அறுகோணமுமாக வெள்ளிப் படிகங்கள், 200 நானோமீட்டர் வரை.

2001இலிருந்து புனேயின் தேசிய இரசாயன ஆய்வகத்தில் முரளி சாஸ்திரி, அப்சார் அகமது குழுவினர் பூஞ்சைகளை எடுத்துக்கொண்டார்கள். வெர்ட்டிசிலியம் என்ற பூஞ்சை துகள்களைத் தன் செல்லுக்குள் வைத்துக்கொண்டது. வெளியே எடுக்க வேண்டுமானால் செல்லை உடைக்க வேண்டும். 2003இல் அவர்கள் ஃபியூசேரியம் ஆக்சிஸ்போரம் என்ற பூஞ்சையைப் பற்றி எழுதினார்கள். வாழை விவசாயிகள் வாடல் நோய் என்று அஞ்சும் நோயை உண்டாக்குவது இந்தச் சிற்றினத்தின் ஒரு வகைதான். இது துகளை வெளியே நீரிலேயே உருவாக்கியது. வெள்ளித் துகள்கள் 5 முதல் 15 நானோமீட்டர், மூன்று நாளில் நீர் பழுப்பானது. பூஞ்சை வெளியே விடும் ஒரு நொதிதான் எலெக்ட்ரானைக் கடத்துகிறது என்று அவர்கள் கருதினார்கள். கவனிக்க வேண்டிய இன்னொன்று: அதே சோதனையை ஃபியூசேரியம் மோனிலிஃபார்மி என்ற உறவுக்காரப் பூஞ்சையில் செய்தபோது வெள்ளித் துகள் உண்டாகவில்லை.

இந்த மோனிலிஃபார்மி என்ற பழைய பெயர் நெருங்கிய பல பூஞ்சைகளுக்குப் பொதுவாக வழங்கியது. அவற்றில் ஒன்றுதான் தாவர ஹார்மோன் வரலாற்றில் பெரிய பெயர் எடுத்தது. கிழக்காசிய நெல் வயல்களில் சில நாற்றுகள் மட்டும் மற்றதைவிடத் தலை தூக்கி, வெளுத்து, மெலிந்து வளர்ந்து கடைசியில் மணி பிடிக்காமல் சாயும். ஜப்பானியர் அதை பக்கானே நோய் என்றார்கள். 1926இல் தைவானில் பணியாற்றிய எய்ச்சி குரோசாவா இந்த நோய்ப் பூஞ்சையைத் திரவத்தில் வளர்த்து, பூஞ்சை ஒன்றுகூட மிஞ்சாதபடி வடிகட்டி, வடிநீரை மட்டும் ஆரோக்கியமான நாற்றுகளுக்குக் கொடுத்தார். நாற்றுகள் அதேபோல் நெட்டையாக வளர்ந்தன. அப்படியானால் நோயை உண்டாக்கப் பூஞ்சையே தேவையில்லை, அது வெளியிட்ட ஒரு பொருள் போதும். 1930களில் தெய்ஜிரோ யபுதா அதற்கு ஜிப்ரலின் என்று பெயரிட்டார். 1938இல் அவரும் சுமிகியும் படிகமாகப் பிரித்தார்கள். செடிகளும் தம் சொந்த வளர்ச்சிக்கு ஜிப்ரலின் தயாரிக்கின்றன என்பது அதற்குப் பின்தான் தெரியவந்தது. இன்று விதையில்லாத் திராட்சைக் குலைகளுக்குத் தெளிக்கும் ஜிப்ரலிக் அமிலம் இந்த வழியில் வந்தது. குரோசாவாவின் வடிநீர் உத்தியை நினைவில் வையுங்கள், அது மறுபடி வரும்.

தாவர ஹார்மோன் என்று சொன்னாலும், செடிக்கு மட்டுமே உரியது என்று எண்ண வேண்டாம். ஆக்சின் என்ற ஹார்மோன், அதாவது இண்டோல் அசிட்டிக் அமிலம், 1934இல் ஹாலந்தின் உத்ரெக்ட் நகரில் முதலில் அடையாளம் காணப்பட்டது மனிதச் சிறுநீரில். வேர்களைச் சுற்றி வாழும் பாக்டீரியாக்களில் ஏராளமானவை ஆக்சின் தயாரிக்கின்றன. வேர் கசிய விடும் டிரிப்டோபேன் என்ற அமினோ அமிலத்தை அவை எடுத்து மாற்றுகின்றன. உயிர் உரமாக விற்கும் அசோஸ்பைரில்லத்தின் புகழில் பாதி இதனால் வந்தது. அதே பேச்சை நுண்ணுயிர் காதுகொடுத்தும் கேட்கிறது. 2006இல் இத்தாலிய ஆய்வாளர்கள் ஈ. கோலைக்கு ஆக்சின் கொடுத்தபோது அது வெப்பம், அமிலம் போன்ற நெருக்கடிகளை மேலும் நன்றாகத் தாங்கியது. அதே ஆண்டு வந்த மற்றோர் ஆய்வில், செடியில் கழலை உண்டாக்கும் அக்ரோபாக்டீரியத்தின் தாக்குதல் மரபணுக்களை ஆக்சின் அடக்கிவைப்பது தெரிந்தது. முட்டைக்கோஸ் வகைப் பயிர்களில் கருமை அழுகலை உண்டாக்கும் சாந்தோமோனாஸ், சைட்டோகைனின் என்ற ஹார்மோனை உணர்வதற்கென்றே செல்லில் ஓர் ஏற்பி வைத்திருக்கிறது என்று 2017இல் கண்டார்கள். சூடோமோனாஸ் புட்டிடாவின் ஒரு வகைக்கோ ஆக்சின் வெறும் சாப்பாடு. வேறு கரிமப் பொருள் இல்லாமல் அதை மட்டும் தின்று வளரும்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு கேள்வி தானாக எழும். நுண்ணுயிர் உலோகத் துகள் தயாரிக்கிறது. நுண்ணுயிரின் நடத்தையைத் தாவர ஹார்மோன் மாற்றுகிறது. அப்படியானால் குடுவையில் ஹார்மோனைச் சேர்த்துத் துகளின் அளவையோ வடிவத்தையோ வேகத்தையோ நாம் விரும்பியபடி திருப்ப முடியுமா? வெப்பத்தையும் காரத்தன்மையையும் மாற்றித் துகளைத் திருப்புவது பழைய வழி. உயிரோடு அதன் மொழியிலேயே பேசித் திருப்புவது கவர்ச்சியான யோசனை. எனக்கும் அது பிடிக்கிறது. ஆனால் இந்தத் துறையில் நிறம் மாறுவது மிக எளிது, நிறத்தை மாற்றியது யார் என்று சொல்வதுதான் கடினம்.

சோதனையை நாமே அமைத்துப் பார்க்கலாம். பூஞ்சையையோ பாக்டீரியாவையோ ஊட்டநீரில் வளர்த்து, நேராக அதிலேயே வெள்ளி நைட்ரேட்டை ஊற்றினால் முதல் நிமிடத்திலேயே ஏமாற்றம். ஊட்டநீரில் சாப்பாட்டு உப்பு இருந்தால் குளோரைடும் வெள்ளியும் சேர்ந்து பால்போல் வெண்மையாகப் படியும், வெள்ளி அதோடு போயிற்று. தப்பித்தவறி மிஞ்சிய வெள்ளியையும் ஊட்டநீரிலுள்ள ஈஸ்ட் சாறும் பெப்டோனும் வெளிச்சத்தில் தாமே பழுப்பாக்கிவிடும், நுண்ணுயிரே இல்லாமல். அதனால் செல்களைத் தூய நீரில் பலமுறை அலசி, நீரிலேயே விட்டு, பிறகுதான் வெள்ளியைச் சேர்ப்பார்கள். குடுவையை அலுமினியத் தாளில் சுற்றி இருட்டில் வைப்பார்கள்.

இப்போது ஹார்மோன். ஆக்சின் பொடி தண்ணீரில் லேசில் கரையாது. திசு வளர்ப்புக் கூடத்தில் வாழைக்கன்று உற்பத்தி செய்கிறவர்களுக்குத் தெரியும், முதலில் சில துளி ஆல்கஹாலிலோ சோடியம் ஹைட்ராக்சைடிலோ குழைத்து, பிறகுதான் நீர் விட்டுக் கலக்க வேண்டும். இங்கே ஒரு கண்ணி ஒளிந்திருக்கிறது. காரத்தன்மை ஏறினால் வெள்ளி ஒடுக்கம் விரைவாகும். ஆல்கஹாலும் சில சூழலில் எலெக்ட்ரான் கொடுக்கும். ஹார்மோன் சேர்த்த குடுவை சீக்கிரம் பழுத்தது என்று மகிழும்போது, உண்மையில் பழுக்க வைத்தது அதைக் கரைத்த சொட்டாக இருக்கலாம். எனவே ஹார்மோன் இல்லாமல் கரைப்பான் மட்டும் சேர்த்த ஒரு குடுவை பக்கத்தில் இருந்தே தீர வேண்டும். இந்த ஒரு குடுவையை வைக்கச் சோம்பல்பட்டால் மற்ற எல்லாக் குடுவைகளும் வீண்.

அதைவிடப் பெரிய சந்தேகம் ஆக்சின் மேலேயே இருக்கிறது. வேளாண் கல்லூரியில் நுண்ணுயிரியல் படித்தவர்கள் சால்கோவ்ஸ்கி கரைசலை மறந்திருக்க மாட்டார்கள். பெரிக் குளோரைடும் வலிய அமிலமும் கலந்த அந்தக் கரைசலை, பாக்டீரியா வளர்ந்த நீரோடு சேர்த்து அரை மணி நேரம் இருட்டில் வைத்தால், ஆக்சின் இருந்தால் இளஞ்சிவப்பு நிறம் வரும். அந்தச் சோதனை வேலை செய்வதே, இரும்பு அயனி ஆக்சினிடமிருந்து எலெக்ட்ரானைப் பிடுங்குவதால்தான். ஆக்சினின் இண்டோல் வளையம் எலெக்ட்ரானை எளிதில் விட்டுக்கொடுக்கும். அதே வளையம் உள்ள டிரிப்டோபேன் தங்க உப்பை நேரடியாகத் தங்கத் துகளாக்கும், உயிரே தேவையில்லை. இரும்பைவிடத் தங்க அயனிக்கு எலெக்ட்ரான் பசி அதிகம். ஆகவே ஆக்சின் சேர்த்துத் தங்கநீர் சிவந்தால், "ஹார்மோன் நுண்ணுயிரைத் தூண்டியது" என்று எழுதுவதற்கு முன், ஹார்மோனும் தங்கமும் மட்டும் உள்ள குடுவையைப் பார்த்தாக வேண்டும்.

இங்கே ஒரு கணக்குக் கைகொடுக்கும். ஹார்மோன்கள் மிகச் சிறிய செறிவில் சமிக்ஞையாக வேலை செய்பவை. வெள்ளி உப்பை வழக்கமாக லிட்டருக்கு ஒரு மில்லிமோல் சேர்ப்பார்கள். ஹார்மோனை அதில் நூறில் ஒரு பங்கு, பத்து மைக்ரோமோல் சேர்த்தோம் என்று வையுங்கள். ஒவ்வொரு ஹார்மோன் மூலக்கூறும் இரண்டு எலெக்ட்ரான் கொடுத்தால்கூட வெள்ளியில் நூற்றுக்கு இரண்டு பங்குதான் உலோகமாகும். மொத்த வெள்ளியும் உலோகமாகியிருந்தால், மீதி 98 பங்குக்கு எலெக்ட்ரான் கொடுத்தது வேறு யாரோ. ஹார்மோன் தப்பித்தது என்று விட்டுவிடலாமா? முடியாது. அந்த இரண்டு பங்கு முதலில் உலோகமாகி எண்ணற்ற கருக்களை விதைத்துவிட்டால், பிறகு நுண்ணுயிர் தரும் எலெக்ட்ரான் எல்லாம் அந்தக் கருக்களின் மேலேயே போய்ச் சேரும். கற்கண்டுப் பாகில் நூல் ஒன்றும் சர்க்கரை அல்ல, ஆனாலும் கட்டி எங்கே வளர வேண்டும் என்று அதுதான் சொல்கிறது. மொத்த அளவில் ஹார்மோனின் பங்கு சொற்பமாக இருந்தும் துகளின் அளவு தலைகீழாக மாறலாம், நுண்ணுயிரிடம் ஒரு வார்த்தையும் பேசாமலே. இதுபோக ஹார்மோன் துகளின் மேல் ஒட்டி மூடுபொருளாகவும் இருக்கலாம்.

ஆகவே ஒரே ஹார்மோனை வைத்துக்கொண்டு முடிவு சொல்ல முடியாது. ஜிப்ரலிக் அமிலத்தில் இண்டோல் வளையம் கிடையாது. அதுவும் ஆக்சினும் ஒரே மாதிரி விளைவு தந்தால் எலெக்ட்ரான் தானம் என்ற விளக்கம் வலுவிழக்கும். நெல் வயலில் களைக்கொல்லியாகத் தெளிக்கும் 2,4-டி செயற்கையான ஆக்சின். களைச்செடி அதை ஆக்சினாகவே எடுத்துக்கொண்டு தாறுமாறாக வளர்ந்து சாகும். ஆனால் அதிலும் இண்டோல் இல்லை. நல்ல ஒப்பீடுதான், ஆனால் ஒரு எச்சரிக்கையோடு: செடிக்கு இரண்டும் ஒன்று என்பதால் பாக்டீரியாவுக்கும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை, அதன் ஏற்பிகள் வேறு.

அடுத்து உயிரின் பங்கு. செல்களை வெப்பத்தில் கொன்று அதே சோதனையைச் செய்ய வேண்டும். செத்த செல்லின் சுவரும் தங்கத்தைப் பிடித்துவைத்து உலோகமாக்கக் கூடியது, எனவே உயிருள்ளதற்கும் செத்ததற்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான் கணக்கில் வரும். பிறகு ஹார்மோனின் பங்கு. நுண்ணுயிரை ஹார்மோனோடு சில மணி நேரம் வைத்து, நன்றாக அலசி ஹார்மோனை நீக்கிவிட்டு, அதன் பிறகு வெள்ளி கொடுக்கலாம். இப்போதும் துகளின் அளவு மாறினால் மாற்றம் செல்லுக்குள் நடந்திருக்கிறது. அல்லது குரோசாவாவின் உத்தியைப் பின்பற்றி, ஹார்மோன் பெற்ற செல்களின் வடிநீரைத் தனியே எடுத்து, அது மட்டும் துகள் செய்கிறதா என்று பார்க்கலாம். மாறிய பொருள் வெளியே கசிந்ததா, செல்லோடு ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்பது அதில் தெரியும்.

இதையும் தாண்டி உறுதியான சாட்சி மரபணுவை நீக்கிப் பார்ப்பது. தங்கக் கட்டிகளின் மேல் வாழும் டெல்ஃப்டியா அசிடோவோரன்ஸ் என்ற பாக்டீரியா, ஒரு சிறு மூலக்கூறை வெளியே விட்டு அருகிலுள்ள தங்க அயனிகளைக் கெட்டியாக்கித் தன்னைக் காத்துக்கொள்கிறது என்று கனடாவில் 2013இல் காட்டினார்கள். அந்த மூலக்கூறைத் தயாரிக்கும் மரபணுவை முடக்கியபோது தங்கம் படியவில்லை, பாக்டீரியாவும் தங்கத்தால் அல்லலுற்றது. நியூயார்க் மாகாணத்தின் ஒனைடா ஏரியில் கிடைத்த ஷுவனெல்லா என்ற பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் எலெக்ட்ரானைக் கடத்தும் புரதங்கள் இருக்கின்றன. அவற்றில் இரண்டை நீக்கியபோது துகள்கள் சிறுத்துப்போயின. புனே பூஞ்சை விஷயத்திலும் 2007இல் இன்னொரு படி ஏறினார்கள். நைட்ரேட் ரிடக்டேஸ் என்ற நொதியைத் தனியே தூய்மையாக்கி, அதற்கு வேண்டிய எலெக்ட்ரான் தரும் துணைப்பொருளும் மூடுபொருளும் சேர்த்து, செல்லே இல்லாமல் சோதனைக் குழாயில் 10 முதல் 25 நானோமீட்டர் வெள்ளித் துகள் செய்து காட்டினார்கள். ஹார்மோன் விஷயத்திலும் இதே தராசுதான். ஹார்மோனை உணரும் மரபணு இல்லாத பாக்டீரியாவில் ஹார்மோனின் விளைவும் இல்லாமல் போனால், அப்போது நிம்மதியாகச் சொல்லலாம்: கேட்டது செல், செய்தது செல்.

துகளை எண்ணுவதிலும் கண்டிப்பு வேண்டும். நிறமாலைமானி காட்டும் ஒளி உறிஞ்சல் உச்சி 410 நானோமீட்டரிலிருந்து 425க்கு நகர்ந்தது என்றால் துகள் பெருத்தது என்று பொருளாகலாம், ஒட்டிக்கொண்டது என்றும் பொருளாகலாம், மேலே ஏதோ படிந்தது என்றும் பொருளாகலாம். எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் அழகான ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்துப் போடுவது எளிது. நூற்றுக்கணக்கான துகள்களை, எந்தக் குடுவையில் எடுத்தது என்று அளப்பவருக்குச் சொல்லாமல், ஒவ்வொன்றாக அளந்து அளவுப் பரவலை வரைந்தால்தான் பேச முடியும்.

இவ்வளவு சிரமம் எதற்கு? "பசுமை முறை" என்ற விளம்பரத்துக்காக என்றால் நான் அதை ஆதரிக்க மாட்டேன். டர்கெவிச்சின் சிட்ரேட் முறையில் நஞ்சு ஒன்றும் இல்லை, கால் மணி நேரத்தில் வேலை முடியும், துகள்களும் ஒரே அளவாக வரும். மூன்று நாள் பூஞ்சையை வளர்த்து, கொன்று, கழுவி எடுப்பது அதைவிடப் பசுமை என்று சொல்லக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். மருத்துவப் பட்டைக்குத் தங்கம் செய்கிறவர் பூஞ்சையைத் தேடிப் போக மாட்டார். நுண்ணுயிரின் அனுகூலம் வேறு இடத்தில். பல்லேடியம் போன்ற விலையுயர்ந்த உலோகம் கழிவுநீரில் மிகக் குறைந்த செறிவில், நூறு குப்பைகளோடு கலந்து கிடக்கும்போது, அதைத் தேடிப் பிடித்து உலோகமாக்கச் சில பாக்டீரியாக்களால் முடியும். அங்கே துகளின் அளவைத் திருப்பும் கைப்பிடி ஒன்று கிடைத்தால், மீட்ட உலோகத்தையே வினையூக்கியாகப் பயன்படுத்தலாம்.

இன்னோர் இடம் வேர்மண்டலம். ஆக்சினும் உலோக அயனியும் நுண்ணுயிரும் நாம் கலந்துவைக்காமலே தினமும் சந்திக்கிற இடம் அது. சாக்கடைக் கசடு உரமாகிற வயலில் வெள்ளியும் செம்பும் துத்தநாகமும் வந்துசேர்கின்றன. அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் வேரோடு வாழ்ந்து பயிருக்கு உதவும் சூடோமோனாஸ் குளோரோராஃபிஸ் என்ற பாக்டீரியாவை எடுத்து, அதற்கு டிரிப்டோபேனோடு உலோக ஆக்சைடு நானோ துகள்களையும் கொடுத்துப் பார்த்தார்கள். செம்பு ஆக்சைடுத் துகள் சேர்த்தபோது பாக்டீரியா தயாரித்த ஆக்சின் கூடியது. துத்தநாக ஆக்சைடுத் துகள் சேர்த்தபோது குறைந்தது. ஹார்மோன் துகளை மாற்றுகிறதா என்று நாம் கேட்டுக்கொண்டிருக்க, துகள் ஹார்மோனை மாற்றிக்கொண்டிருக்கிறது. ஆகவே நம் குடுவை வரிசையில் இன்னோர் அளவீடும் சேர வேண்டும்: முதல் நாள் ஊற்றிய ஆக்சினில் மூன்றாம் நாள் எவ்வளவு மிச்சம், செல் தானாக எவ்வளவு சேர்த்தது. அதற்குச் சால்கோவ்ஸ்கி கரைசல் உதவாது. அதிலுள்ள குளோரைடு வெள்ளியைப் படியவைக்கும், துகளின் மஞ்சளும் ஆக்சினின் இளஞ்சிவப்பும் ஒன்றையொன்று மறைக்கும். துகள்களை மையவிலக்கில் அடியில் தள்ளிவிட்டு, மேல் நீரை மட்டும் திரவ நிறப்பிரிகைக் கருவியில் ஓட்டி அளக்க வேண்டும்.